பஞ்சுக் கண்

மல்லாந்து கிடக்கிறது, கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு, சிறகு இரண்டும் உடம்போடு ஒட்டி மடிந்திருக்கிறது, கால்களைக் குறுக்காக வைத்து நூல் போட்டுக் கட்டி, கட்டிலிருந்து ஒரு சீட்டு தொங்குகிறது, இழுப்பறையை இன்னும் கொஞ்சம் இழுத்தால் பக்கத்தில் இன்னொன்று, அதற்கும் பக்கத்தில் இன்னொன்று, மீன்கொத்தி, மாங்குயில், கொண்டலாத்தி, எல்லாம் மல்லாந்து, எல்லாம் பஞ்சுக் கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டு, கற்பூரமும் சவுக்காரமும் கலந்த வாடை முகத்தில் அடிக்கிறது, இந்தத் தொண்டிக் கடற்கரையில் உப்புக்காற்றைத் தவிர வேறு வாடை கிடையாது, ஆனாலும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. அந்த பங்களாவுக்குள் நான் முதன்முதலாகக் காலெடுத்து வைத்த அன்று துரை திறந்து காட்டியது இந்த இழுப்பறையைத்தான், வேறொருவனாக இருந்தால் நகைப்பெட்டியைத் திறந்து காட்டியிருப்பான், என் துரை செத்த குருவிகளைக் காட்டினார், இதுவே என் செல்வம் என்றார், அவர் பேச்சே அப்படித்தான், யாரோ ஒரு பண்டிதரிடம் தமிழ் படித்தவர், வாயைத் திறந்தால் ஏட்டுச்சுவடி அவிழ்ந்துவிடும், மழை பெய்கின்றது, நீ உணவு உட்கொண்டாயா, நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பேன். சீட்டுல என்ன எழுதியிருக்கு துரை என்று கேட்டேன், மேலே பறவையின் பெயர், அதன் கீழே ஊர், நாள், ஆணா பெண்ணா, கடைசி வரியில் கொன்றவன் பெயர் என்றார், கொன்றவன் என்றே சொன்னார், அதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை, எந்தச் சீட்டை எடுத்தாலும் கடைசி வரி ஒன்றேதான், கூடாரம் போட்ட முதல் எழுத்து, பக்கத்தில் நெட்டுக்குத்தாய் ஒரு குச்சி, பிறகு மூன்று வளைவு, பார்த்துப் பார்த்து அந்த வரி வாசல் கோலமாய் என் விரலில் ஏறிவிட்டது, வெள்ளைக்காரன் எழுத்தில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஆல்டன் துரை என்று பெயர், நாவற்கோட்டை சமஸ்தானத்துக்குக் கும்பினியார் அனுப்பிவைத்த ரெசிடென்ட், அப்படின்னா என்ன வேலைக்கா என்று என் தம்பி ஒருதடவை கேட்டான், ராஜாவுக்குப் பக்கத்து நாற்காலியில உக்காந்து நல்லா இருக்கீங்களான்னு விசாரிச்சிட்டு, நல்லா இல்லைன்னு சென்னைக்கு எழுதுற வேலைடா என்றேன், விழுந்து விழுந்து சிரித்தான், அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஊருக்குள் அவருக்குப் பட்சித்துரை என்றுதான் பேர், விடிந்ததும் கண்மாய்க் கோரைக்குள் முழங்கால் சேற்றில் போய் நிற்பார், ஒரு முக்குளிப்பான் தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதைப் பார்க்க வெயில் ஏறும்வரை அசையாமல் நிற்பார், அட்டை கடித்து ரத்தம் வழியும் காலோடு வந்து அதை எனக்குச் சொல்லும்போது அந்த மீசை வைத்த முகம் பால்குடிப் பிள்ளையின் முகமாகிவிடும், அந்த முகம் எனக்குப் பிடித்திருந்தது, இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். நான் இடைச்சி, கட்டினவன் வாந்திபேதியில் போன பிறகு பங்களாவுக்குப் பால் ஊற்றப் போனவள், போனவள் போனவள்தான், என் சனம் என்னைத் தலைமுழுகிவிட்டது, பொதுக்கிணற்றில் நான் வாளி போட்டால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு போனார்கள், தம்பி மலைக்கொழுந்து ஒருத்தன்தான் பங்களா வாசலில் வந்து நின்று அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை, ஆத்தா செத்தபோது நடை பழகாதவன், என் இடுப்பில் இருந்தே வளர்ந்தவன், என் இடுப்பின் இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றால் அது அவன் கனம். அவனுக்கு அரண்மனை மாட்டுக்கொட்டடியில் ஒரு வேலை கேட்டேன், துரை ஒரு வார்த்தை சொன்னார், கிடைத்தது, சிவப்புப் பசுவின் பாலைக் கறந்து காய்ச்சி வெள்ளிச் செம்பில் ஊற்றி உள்ளே கொண்டுபோய், எல்லார் கண் முன்னாலும் தான் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும், அதுதான் வேலை, அந்தக் குழந்தை எம்மேல ஏறி சவாரி போகுதுக்கா என்று பெருமை வேறு.

குழந்தை என்றால் அரண்மனை வாரிசு, ராஜா பிள்ளையில்லாமல் படுக்கையில் விழுந்தபோது பங்காளி வீட்டிலிருந்து தத்து எடுத்த பிள்ளை, ராஜா கண்ணை மூடிவிட்டார், தத்தைக் கும்பினி ஏற்றுக்கொண்டால் சமஸ்தானம் பிழைக்கும், ஏற்காவிட்டால் கோட்டையிலிருந்து கொட்டடி வரை எல்லாம் கும்பினிக்கு, ஏற்கலாமா கூடாதா என்று சென்னைக்கு எழுத வேண்டியவர் என் துரை. ராணி கோமதி நாச்சியாருக்கு உறக்கம் எங்கே வரும், துரை தும்மினால் அரண்மனையில் கஷாயம் கொதித்தது, துரைக்குப் பறவை பிடிக்கும் என்று கூண்டு கூண்டாகப் பஞ்சவர்ணக்கிளி வந்தது, அவர் அதையெல்லாம் பறக்க விட்டுவிட்டு, கூண்டுப் பறவை தன் இறகைத் தானே கெடுத்துக்கொள்ளும், அது எதற்கும் பயன்படாது என்றார். பயன்படும் பறவை என்றால் அவரே சுட்டது, தோலை மட்டும் உரித்தெடுத்து, உட்பக்கம் பாஷாணம் கலந்த சவுக்காரத்தைப் பூசி, பஞ்சு அடைத்துத் தைத்தது, பூச்சி அரிக்கக்கூடாது என்பதற்காகத்தான் பாஷாணம், கொழுப்பைச் சுரண்டுவது வரைக்கும் என் வேலை, சவுக்காரத்தை மட்டும் அவர் யாரையும் தொட விடமாட்டார், தானே தடவுவார், தடவி முடித்ததும் என்னைப் பார்த்து, கைகளைக் கழுவிக்கொள் என்பார், நான் தொடவே இல்லீங்க என்பேன், ஆயினும் கழுவிக்கொள் என்பார், அவ்வளவு அக்கறை, என்மேல் அவ்வளவு அக்கறை இருந்த மனிதர்.

தத்துப்பிள்ளைக்குக் காதுகுத்து, தர்பார் கூடியது, கும்பினி சார்பில் ஏதாவது கொடுக்க வேண்டும், மற்ற துரைகள் துப்பாக்கியோ கடிகாரமோ கொடுப்பார்கள், இவர் தன்னிடம் இருந்ததிலேயே உசத்தியானதைக் கொடுத்தார், வால்குருவி, உடம்பு கைக்குள் அடங்கும், வால் மட்டும் இரண்டு வெள்ளை நாடாவாக முழ நீளம் தொங்கும், மாந்தோப்பில் எத்தனையோ காலம் அதன் பின்னால் அலைந்து சுட்டது, இது அழியக்கூடாது, நம் காலத்துக்குப் பின்னும் இருக்க வேண்டும் என்று சவுக்காரத்தை இரண்டு பங்கு பூசினார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஊரில் இந்த மாதிரிப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தள்ளி நின்று பார்ப்பார்களாம், இங்கேயும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டார், தொடாதீர்கள் என்று தர்பாரில் எப்படிச் சொல்வது, பரிசு என்ற சொல்லும் பாஷாணம் என்ற சொல்லும் ஒரே வாயில் வரலாமா, துபாஷி ஞானாதிக்கம் கும்பினியாரின் அன்புக்கு அடையாளம் என்று தமிழில் கூவினார், கொட்டு முழங்கியது. அரண்மனையின் கணக்கு வேறு, கும்பினி கொடுத்ததைப் பெட்டியில் பூட்டினால் கும்பினியை ஒதுக்கிவைத்த மாதிரி ஆகும், ஆகையால் அது எந்நேரமும் பிள்ளை கையில் இருக்க வேண்டும், குளிக்கும்போது தவிர இறங்கக்கூடாது, துரை எப்போது வந்தாலும் பிள்ளை அந்தக் குருவியோடுதான் அவர் கண்ணில் பட வேண்டும் என்று ராணி உத்தரவு போட்டாள், பஞ்சுக் கண்ணைப் பிடுங்கிவிட்டுத் தட்டானைக் கூப்பிட்டுக் கெம்புக்கல் பதித்தார்கள், பிள்ளை கீழே போட்டால் தாதி எடுத்துக் கொடுப்பாள், அவள் பார்க்காவிட்டால் ராணியே குனிந்து எடுத்துக் கொடுப்பாள், ராணி யாருக்கும் குனிந்தவள் இல்லை.

துரை ஒருநாள் அரண்மனையிலிருந்து பூரித்துப்போய் வந்தார், குழந்தை என் பறவையை விட்டுப் பிரிவதே இல்லை, உறங்கும்போதும் மார்போடு அணைத்திருக்கிறது, வாலை வாயில் வைத்துச் சுவைக்கிறது என்றார், அது சவுக்காரம் பூசினதாச்சேங்க என்றேன், அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு நொடி நின்றார், அந்த நொடியை நான் பார்த்தேன், இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு கால் பூட்ஸில், ஒரு கால் வெளியில், உட்புறம்தானே பூசியிருக்கிறது, வெளியே ஒன்றும் இல்லை என்றார், பிள்ளை சப்புற இடத்துல தையல் பிரியாதாங்க, திருப்பி வாங்கிடுங்க துரை, வேற ஏதாச்சும் குடுங்க என்றேன். அது முடியாது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் கும்பினி இந்தக் குழந்தையை ஏற்கவில்லை என்று பொருளாகிவிடும், நான் இன்னும் சென்னைக்கு எழுதி முடிக்கவில்லை, அதுவரை நான் எதையும் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்றார், அப்புறம் இன்னொரு பூட்ஸையும் கழற்றினார். அன்றைக்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அந்தப் பொம்மையைத் தூர வையுங்கள் என்று துபாஷியிடம் சாடையாகச் சொல்லியிருந்தால் போதும், ராஜதந்திரம் படித்தவருக்குச் சாடையாகச் சொல்லத் தெரியாதா, தெரியும், யோசித்துக்கொண்டே இருந்தார், எந்தச் சொல் எந்தப் பக்கம் சாயும் என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், அதற்குள் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது.

மழையில் பிள்ளைக்கு வாந்தி, பிறகு பேதி, உதடு வெடித்து, முடி கொத்தாக உதிர்ந்து, சோறு இறங்கவில்லை, பழம் இறங்கவில்லை, கடைசியில் பால் மட்டும்தான், அழும்போதெல்லாம் குருவியைத்தான் கையில் கொடுத்தார்கள், கொடுத்தால் அழுகை நிற்கும், ஒரு பகலில் எல்லாமே நின்றது. கும்பினி டாக்டர் வந்து வாந்தியைக் கரியில் போட்டுப் பார்த்து, பூண்டு வாடை வருகிறது, இது பாஷாணம் என்றார், பால் மட்டும்தானே குடித்தது, பால் கொடுத்தவன் யார், அவன் அக்காள் யார் வீட்டில் இருக்கிறாள், பிள்ளை செத்தால் சமஸ்தானம் யாருக்கு, ஊர் இந்த நான்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தது, அழகாக உட்கார்ந்தது. மலைக்கொழுந்தைக் கொட்டடியிலிருந்து இழுத்துப்போனார்கள், தானும் அதே செம்பில் குடித்துக் காட்டினானே என்றதற்கு, முன்னாடியே மாற்று மருந்து தின்றிருப்பான் என்றார்கள். சோறு கொண்டுபோனேன், காவல்காரன் அதை நாய்க்கு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டான், தம்பியின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்க முயற்சி செய்தான், அக்கா, நான் ஒண்ணுமே செய்யலக்கா என்றான், தெரியும்டா சாமி என்றேன், அந்தப் புள்ள எம்மேலதான்க்கா கடைசியா படுத்திருந்துச்சு, கைய புடிச்சிக்கிட்டே இருந்தேன், நகத்துலயெல்லாம் குறுக்கால வெள்ளக்கோடு விழுந்திருந்துச்சுக்கா, அது என்னா சீக்கு என்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வெள்ளைக்கோடு எனக்குத் தெரியும், துரையின் கட்டைவிரல் நகத்தில் குறுக்கே ஒன்று விழுந்திருந்தது, என்னங்க இது என்று கேட்டதற்கு, சவுக்காரத்தின் கையெழுத்து என்று சிரித்தவர் அவர்தான், நீ பயப்படாதடா, துரைக்கிட்ட சொல்றேன், அவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் என்றேன், முன்னாடி ஒரு வார்த்தை சொன்னாருல்ல, வேலை கிடைச்சிச்சுல்ல என்று அவனும் தலையாட்டினான், நம்பினான், அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

துரை மேசையில் உட்கார்ந்திருந்தார், சொன்னேன், நகத்தைச் சொன்னேன், உங்க குருவிதான் கொன்னிச்சு, எந்தம்பி இல்ல, அதை மட்டும் சொல்லுங்க, காலில் விழுந்து சொன்னேன், அவர் மறுக்கவில்லை, அதுதான் கொடுமை, இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் எனக்கு வெறுக்க லேசாக இருந்திருக்கும். நீ சொல்வது மெய்யாக இருக்கக்கூடும் என்றார், ஆனால் நான் வாய் திறந்தால், கும்பினியே குழந்தையைக் கொன்று நாட்டைப் பறித்தது என்று சொல்வார்கள், கலகம் மூளும், பல்லாயிரம் பேர் மடிவார்கள், ஒரு பக்கம் பல்லாயிரம் உயிர், ஒரு பக்கம் ஓர் உயிர் என்றார், அந்த ஒரு உசிரு எந்தம்பிங்க என்றேன், அறிவேன் என்றார், தலையைக் குனிந்துகொண்டார். தூக்கு என்றால் ரெசிடென்ட் ஒப்பம் போட வேண்டும், அந்தக் காகிதம் அவர் முன்னால்தான் கிடந்தது, மை உலராமல், எனக்கு வாசிக்கத் தெரியாது, கடைசி வரியை மட்டும் பார்த்தேன், கூடாரம், குச்சி, மூன்று வளைவு.

அங்கிருந்து நேரே அரண்மனைக்கு ஓடினேன், யாரும் தடுக்கவில்லை, இழவு வீட்டில் காவல் ஏது, ராணி வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தக் குருவி, வால் நைந்து, வயிற்றுத் தையல் பிரிந்து பஞ்சு வெளியே தெரிந்தது, தாயே, அதைக் கீழ போடுங்க, அதுலதான் பாஷாணம் இருக்கு, எங்கண்ணால பார்த்தேன், துரைதான் தடவினாரு, எந்தம்பி பால்ல ஒண்ணும் இல்ல, ஒரு கோழிக்கு அந்தப் பஞ்சைப் போட்டுப் பாருங்க என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் குருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் குருவியை, முகத்தில் ஒவ்வொன்றாக எல்லாம் ஏறிவந்தது, தாதி கை, தன் கை, குனிந்து குனிந்து எடுத்துக் கொடுத்த கை, அப்ப நாந்தான் கொன்னேனா என்றாள், மெல்லத்தான் கேட்டாள், நான் என்ன சொல்லுவேன், இல்லை தாயே என்றால் தம்பி தொங்குவான், ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை, பெற்றவள் இல்லை என்றாலும் தாய்தானே அவளும். என் முகத்தையே பார்த்தாள், பிறகு குருவியை முந்தானைக்குள் எடுத்துப் பொத்தி வைத்துக்கொண்டாள், பால்காரன்தாண்டி கொன்னான் என்றாள், ஊரறிய அவன்தான் கொன்னான், இன்னொரு தடவை இங்க வந்து வேற பேச்சுப் பேசினே, உன்னையும் சேர்த்துத் தொங்கவிடுவேன், போ என்றாள், அவள் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. துரை, ராணி, இரண்டு பேருக்கும் தெரியும், உலகத்திலேயே அந்த உண்மையைச் சொல்லக்கூடியவர்கள் அந்த இரண்டே பேர்தான், ஒருவருக்கு நாடு குறுக்கே நின்றது, ஒருத்திக்குத் தன் கையே குறுக்கே நின்றது, நடுவில் என் தம்பி நின்றான்.

சந்தைப்பேட்டைப் புளியமரத்தில் தொங்கவிட்டார்கள், நான் போனேன், போகாமல் எப்படி இருப்பது, கூட்டத்தில் ஒருத்தி என்மேல் சாணியை எறிந்தாள், அவன் கூட்டத்துக்குள் என்னைத் தேடினான், கண்டுபிடித்தான், கண்டதும் கொஞ்சம் சிரித்தான், இப்போதுகூடத் துரை ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்தானோ என்னவோ, உடம்பைக் கேட்டேன், கொடுக்கவில்லை, கழுகுக்குப் போடச் சொல்லி உத்தரவு என்றார்கள், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டவில்லை, மூக்கில் பஞ்சு வைக்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, ஒரு மனுசனுக்குக் கடைசியாகச் செய்கிற எதையும் நான் அவனுக்குச் செய்யவில்லை. பங்களாவுக்கு வந்தேன், வெயில் நன்றாக ஏறியிருந்தது, துரை வராந்தாவில் ஏதோ ஒரு சின்னப் பறவையின் வயிற்றுக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தார், ஏறிட்டுப் பார்த்தார், என் சேலையில் சாணி, கை முழுக்கப் புழுதி, கைகளைக் கழுவிக்கொள் என்றார்.

அப்புறமும் ஏன் கூடவே இருந்தாய் என்று கேட்பார்கள், கேட்க யார் இருக்கிறார்கள், நானே கேட்டுக்கொள்கிறேன், போக இடமில்லை என்பது ஒன்று, அது சின்னக் காரணம், அவர் வாயால் ஒருதடவை கேட்க வேண்டும், மலைக்கொழுந்து கொல்லவில்லை என்று, தர்பாரில் வேண்டாம், சென்னைக்கு வேண்டாம், என்னிடம் சொன்னால் போதும், ஒரு சமையற்காரன் முன்னால், ஒரு நாய் முன்னால் சொன்னால்கூடப் போதும், ஏதோ ஒருநாள் சொல்லுவார், சொல்லாமல் சாகமாட்டார் என்று இருந்தேன். சமஸ்தானம் கும்பினிக்குப் போயிற்று, ராணி மானியம் வாங்கிக்கொண்டு காசிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள், குருவியையும் கொண்டுபோனாளா தெரியாது, துரைக்குக் கும்பினி மெடல் கொடுத்தது, வேலையை விட்டு இந்தத் தொண்டிக்கு வந்தார், தையில் பூநாரை இறங்கும் என்பதற்காக, கழிமுகம் முழுக்க இறங்கும், அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இனி எதையும் சுடப்போவதில்லை என்றார். ஒரு மத்தியானம் முகம் மலர என்னைக் கூப்பிட்டு, உலகத்துக்குத் தெரியாத ஒரு பறவையை நான் கண்டேன் அல்லவா, அதற்கு நாவற்கோட்டைக் குழந்தையின் பெயரைச் சூட்டியிருக்கிறேன், லண்டனில் ஏற்றுக்கொண்டார்கள், இனி அந்தப் பெயர் அழியாது என்றார், கண்ணில் நீர் தளும்பியது, பாவம் கழுவியாயிற்று என்ற நிம்மதி, எந்தம்பி பேரை எந்தக் குருவிக்குத் துரை வச்சீங்க என்று கேட்டேன், ஒரு காக்காய்க்காவது வச்சீங்களா, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார், நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

சில சமயம் பகலிலேயே கண் செருகிவிடுகிறது, இழுப்பறையைத் திறக்கிறேன், மீன்கொத்திக்குப் பக்கத்தில் தம்பி கிடக்கிறான், சின்னதாக, என் இடுப்பில் இருந்த வயசில், பஞ்சுக் கண்ணோடு, அக்கா, துரை சொல்லிட்டாரா என்கிறான், இன்னும் இல்லடா, சொல்லுவாரு, நீ தூங்கு என்று இழுப்பறையைத் தள்ளி மூடுகிறேன், மூடும்போது விரல் நசுங்கி விழித்துக்கொள்கிறேன், உள்ளே துரை முனகிக்கொண்டிருக்கிறார். முனகல் தொடங்கி நாளாகிவிட்டது, உள்ளங்கையும் உள்ளங்காலும் காய்த்துப்போய், முதுகெல்லாம் கருப்புப் புள்ளி, புழுதியில் தூறல் விழுந்த மாதிரி, கால் மரத்துப்போகிறது, வாந்தி, பேதி, கொத்தாக முடி, சோறு இறங்கவில்லை, பழம் இறங்கவில்லை, பால் மட்டும்தான், நான்தான் கொடுக்கிறேன், பத்து நகத்திலும் வெள்ளைக்கோடு, அத்தனை வருசம் சவுக்காரம் தடவின கை, ஒருநாள் அந்தக் கையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன், பார்த்தார், அவருக்கா தெரியாது. இந்த நாட்டுச் சீதோஷ்ணம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். தை பிறந்தது, ஜன்னலுக்கு வெளியே இரைச்சல் கேட்டு எட்டிப்பார்த்தேன், கழிமுகம் முழுக்கப் பூநாரை, தண்ணீர் தெரியவில்லை, அத்தனையும் சிவப்பும் வெள்ளையுமாக, கட்டிலிலிருந்து அவருக்குத் தெரியாது, பூநாரைகள் வந்துவிட்டனவா என்றார், குரல் நூலாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லுங்க துரை, உங்களைத் தூக்கி உக்காரவச்சுக் காட்டுறேன் என்றேன், என்ன வார்த்தை என்று அவர் கேட்கவில்லை, தெரியும், இத்தனை வருசமும் தெரியும், உதடு அசைந்தது, நான் குனிந்தேன், காதை வாயருகே வைத்தேன், மூச்சு மட்டும் வந்தது, நிறுத்துப் பார்க்கிறார், அப்போதும், சாகிற அந்த நேரத்திலும், எந்தச் சொல் எந்தப் பக்கம் சாயும் என்று நிறுத்துப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டார். பூநாரை வந்துவிட்டதா என்று கண்ணால் மறுபடியும் கேட்டார், வரலை என்றேன். பார்க்காமலே போனார்.

டாக்டர் வந்தார், துபாஷி ஞானாதிக்கம் தள்ளாத வயசில் தடியூன்றிக்கொண்டு கூடவே வந்தார், காய்ச்சல் என்று டாக்டர் எழுதினார், நான் துபாஷியிடம், ஐயா, டாக்டரு கேக்கணும், அதே வாந்தி, அதே பேதி, அதே நகம், துரைக்கும் பால் மட்டுந்தான், அதைக் குடுத்தது நாந்தான், என்னை எந்த மரத்துல தொங்கவிடுவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க என்றேன், அவர் என்னைப் பார்க்காமல், இதெல்லாம் பேசுற நேரமாம்மா, சும்மா இரு என்றார், என்ன சொல்கிறாள் என்று டாக்டர் கேட்டிருப்பார் போல, அழுகிறாள் என்று சொல்லியிருப்பார், இருவரும் பாதிரியாரை அழைத்து வரப் போனார்கள். தனியாக இருந்தேன், வெளியே அந்த இரைச்சல், துரையை மல்லாத்திப் படுக்க வைத்தேன், கை இரண்டையும் உடம்போடு ஒட்டி மடித்தேன், மூக்கில் பஞ்சு வைத்தேன், அவர் பறவைக்கு வைத்திருந்த பஞ்சுதான், கண் மூடவே இல்லை, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது, அதன்மேலும் பஞ்சு வைத்தேன், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து அவருடைய நூலாலேயே கட்டினேன், என் தம்பிக்குக் கட்டக் கிடைக்காத கட்டு, இறுக்கிக் கட்டினேன், கட்டும்போதுதான் முதல்தடவையாக அழுதேன், அவருக்காகவும்தான் அழுதேன், பொய் சொல்லமாட்டேன். மேசையில் வெற்றுச் சீட்டு ஒரு கட்டு இருந்தது, ஒன்றை உருவினேன், பேனாவை மையில் தொட்டேன், பெயர், ஊர், நாள், ஆணா பெண்ணா, அந்த வரியெல்லாம் எனக்குத் தெரியாது, வெறுமையாக விட்டுவிட்டேன், கடைசி வரி தெரியும், கொன்றவன் பெயர், கூடாரம் போட்டேன், பக்கத்தில் குச்சியை நிறுத்தினேன், மூன்று வளைவையும் கோலத்துக்கு இழுக்கிற மாதிரி நிதானமாக இழுத்தேன், காய விட்டேன், கால்கட்டில் தொங்கவிட்டேன், பிறகு கிணற்றடிக்குப் போய்க் கைகளைக் கழுவிக்கொண்டேன்.